களஞ்சிய வேலைக்குக் கிளம்பும் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு சம்பளக் கணக்கு

ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரைப் பாருங்கள். "வெளிநாட்டில் களஞ்சிய வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், மாதம் இரண்டு இலட்சம்" என்று ஒரு நோட்டீஸாவது ஒட்டியிருக்கும். வட்ஸ்அப்பில் வருவதற்குக் கணக்கே இல்லை. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, எந்த நாட்டுல சம்பளம் கூட?"

நான் இரண்டு வருடம் பேலியகொடைப் பக்கமும், நாலு வருடம் டோஹாவிலும் களஞ்சியங்களில் மூட்டை தூக்கி, பெட்டி அடுக்கி, கடைசியில் ஸ்கேனர் பிடித்தவன். அந்தக் கேள்விக்கு ஒரு நாட்டின் பெயரைப் பதிலாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எந்த நாட்டுச் சம்பளத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லித்தந்தது என் அம்மா. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் நிற்பேன். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டித் தூக்குவார்கள். முள் 18 கிலோவில் நிற்கும். கொப்பியில் எழுதும்போது 16 ஆகிவிடும். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ. அம்மா அங்கே ஒன்றும் பேசமாட்டார். இரவு லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து என் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் "முள் 18, எழுதினது 16, முழுப் பேர்" என்று எழுதிவைப்பார். முழுப் பேர் என்றால் அன்றைக்கு முழு நாட்சம்பளம், அரைப்பேர் என்றால் பாதி. சம்பளத்தன்று அந்தக் கொப்பியையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்பார். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், கைக்காசு எவ்வளவு, சேமலாப நிதிக்குப் பிடித்தது எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி. கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கொப்பிக் கணக்குத்தான். நாடும் நாணயமும் மட்டும் மாறுகின்றன.

முதல் படி: என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"களஞ்சிய வேலை" என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் இருக்கின்றன. கொன்டெய்னரில் இருந்து சாமான் இறக்குபவர் லோடர். ஓர்டரைப் பார்த்துத் தட்டுகளில் இருந்து சாமானை எடுப்பவர் பிக்கர். பொதி கட்டுபவர் பேக்கர். இவர்களுக்கு மேலே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், கணக்கு வைத்திருக்கும் ஸ்டோர் கீப்பர். பெரும்பாலும் லோடருக்கும் ஹெல்பருக்கும்தான் ஆகக் குறைந்த சம்பளம். ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழோ, கணினியில் சாமான் கணக்கு வைக்கும் பழக்கமோ இருந்தால் அதே கூரைக்குக் கீழேயே சம்பளம் கூடும். ஆகவே விளம்பரத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, ஒப்பந்தத்திலும் வீசாவிலும் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிக்கர் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீசாவில் கிளீனர் என்று இருந்தால், அங்கே போன பிறகு கிளீனர் சம்பளம்தான்.

இரண்டாம் படி: முடிந்தால் ஊரிலேயே ஒரு வருடம் பாருங்கள்

இதை நான் அழுத்திச் சொல்வேன். பேலியகொடை, வத்தளை, கெரவலப்பிட்டி, பியகம என்று கொழும்புத் துறைமுகத்தையும் அதிவேகப் பாதைகளையும் ஒட்டிய இடங்களில் களஞ்சியங்கள் நிறைய இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முதுகு தாங்குமா, இரவு வேலை ஒத்துவருமா என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். கடன் வாங்கிப் போன இடத்தில் அது தெரியவந்தால் திரும்பி வரவும் வழியிருக்காது.

இங்கே சட்டம் சொல்வது இது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாள் கணக்கென்றால் 1,200 ரூபா. இதற்குக் கீழே யாரும் கொடுக்கக்கூடாது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், அதுவும் முதலாளியின் காசு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 உம், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கத்தின் 200 உம் என்று அறிவித்தார்கள். அதாவது சட்டம் போடும் அடிமட்டத்தைப் பார்த்தால் களஞ்சியத்தின் 1,200 தோட்டத்துப் பேரைவிடக் குறைவு. அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? தோட்டத்தில் கிலோ வராவிட்டால் முழுப் பேர் விழாது, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதும் நிச்சயமில்லை. களஞ்சியத்தில் பெரும்பாலும் மாதம் முழுக்க வேலை இருக்கும், ஓ.டி. (மேலதிக நேர வேலை) இருக்கும். நல்ல இடங்கள் அடிமட்டத்துக்கு மேலேயே கொடுக்கும். இந்தப் பக்கம் கூட வருவதில் இருந்து வத்தளையில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாட்டுக் காசு, ஊருக்கு வந்துபோகும் பஸ் காசு எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒரு தாளில் எழுதிக் கழியுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

மேன்பவர், அதாவது களஞ்சியங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கம்பனிகள், பற்றி ஒரு வார்த்தை. எனக்கு நடந்தது இது. களஞ்சியம் ஒருவருடையது, சட்டையில் பெயர் இன்னொருவருடையது, சம்பளம் கையில் கொடுத்தது மூன்றாவது ஓர் ஆள். ஆறு மாதம் சீட்டில் "சேமலாப நிதி" என்று பிடித்துக்கொண்டே இருந்தார்கள். என் அங்கத்துவ இலக்கம் என்ன என்று கேட்டபோதுதான் அப்படி ஒரு கணக்கே திறக்கவில்லை என்று தெரிந்தது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து, அந்த ஆறு மாதக் காசைக் கட்டவைக்க ஒரு வருடம் அலைந்தேன். சம்பளச் சீட்டுகளைக் கசக்கி எறியாமல் வைத்திருந்தபடியால்தான் அதுவும் முடிந்தது. ஆகவே முதல் மாதமே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் காசு.

மூன்றாம் படி: எந்தச் சம்பளத்தையும் ஒரு மணித்தியாலத்துக்கு இறக்குங்கள்

கட்டாரில் இரண்டு வேலை வருகிறது என்று வையுங்கள். ஒன்றில் மாதம் 1,800 ரியால், மற்றதில் 1,500. பத்துப் பேரில் ஒன்பது பேர் 1,800 ஐத்தான் எடுப்பார்கள். இப்போது மணியைக் கேளுங்கள். 1,800 க்கு ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம், மாதம் 26 நாள். மொத்தம் 312 மணித்தியாலம். வகுத்தால் ஒரு மணிக்கு 5.77 ரியால். 1,500 க்கு 8 மணித்தியாலம், அதே 26 நாள், 208 மணித்தியாலம். ஒரு மணிக்கு 7.21 ரியால். 300 ரியால் கூடக் கொடுப்பதாகச் சொல்பவன் உங்களிடம் இருந்து 104 மணித்தியாலத்தைக் கூட எடுக்கிறான். இரண்டாவது இடத்தில் ஓ.டி. செய்தால் அதற்குத் தனிக் காசு. கட்டார் சட்டத்தில் வழமையான வேலை வாரம் 48 மணித்தியாலம், அதற்கு மேல் செய்தால் அடிப்படைச் சம்பளத்தோடு குறைந்தது 25 வீதம் கூட்டிக் கொடுக்கவேண்டும், ஓ.டி.யோடு சேர்த்தும் ஒரு நாளைக்குப் பொதுவாக 10 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே "12 மணி டியூட்டி" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

வகுப்பதற்கு வசதியாக மூன்று எண்களை மனதில் வையுங்கள். வாரம் 48 மணித்தியாலம் என்றால் மாதம் 208. வாரம் 45 என்றால் 195. வாரம் 40 என்றால் 173. நம் நாட்டு 30,000 ரூபாவை 195 ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 154 ரூபா வரும்.

மேலை நாடுகளில் சம்பளத்தையே மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். அங்கே கேள்வியைத் திருப்பிப் போடவேண்டும்: வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் நிச்சயம்? கனடாவிலும் இங்கிலாந்திலும் ஏஜென்சி மூலம் களஞ்சியத்துக்குப் போகும் நம் ஆட்கள் நவம்பர், டிசம்பரில் நித்திரை இல்லாமல் வேலை செய்வார்கள், நத்தார் வியாபாரம். ஜனவரி பிறந்ததும் தொலைபேசி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு மணிக்கு நல்ல சம்பளம்தான். ஆனால் வாரத்தில் 15 மணித்தியாலம் கிடைத்தால் வாடகைக்கே போதாது. அவுஸ்திரேலியாவில் இப்படி நிரந்தரமில்லாத வேலைக்கு மணிச் சம்பளத்தின் மேல் 25 வீதம் கூட்டிக் கொடுப்பது வழக்கம். சம்பளத்தோடு கூடிய லீவு இல்லாததற்குப் பதிலாகத்தான் அந்தக் காசு.

நான்காம் படி: அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகப் பாருங்கள்

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் ஆகக் கூடுதலாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். டுபாயில் ஜெபல் அலி பக்கம் ஒரு களஞ்சியத்தில் 1,800 திர்ஹம் என்று வையுங்கள். ஒருவருக்கு அந்த 1,800 உம் அடிப்படைச் சம்பளம். இன்னொருவருக்கு அடிப்படை 1,000, மிச்சம் 800 சாப்பாட்டுப் படி, இதர படி என்று பிரித்து எழுதியிருக்கிறது. மாத முடிவில் இருவர் கையிலும் ஒரே காசு. வித்தியாசம் மெதுவாகத் தெரியும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஓ.டி.யும் வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் சேவைப் பணமும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. முதல் ஐந்து வருடத்துக்கு, ஒரு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் சேவைப் பணம். முதல் ஆளுக்கு வருடம் 1,260 திர்ஹம் சேரும். இரண்டாவது ஆளுக்கு 700. ஓ.டி.யில் ஒரு மணிக்கு முதல் ஆளுக்கு 9 திர்ஹத்துக்கு மேல், மற்றவருக்கு 5 திர்ஹம் சொச்சம். நாலு வருடம் முடியும்போது இருவருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நம் தோட்டங்களிலும் ஒரு தொகையை அடிப்படையில் சேர்ப்பதா, ஊக்குவிப்புக் கொடுப்பனவாகப் போடுவதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கிறதே, அதற்கும் காரணம் இதுதான். அடிப்படையில் சேர்த்தால் சேமலாப நிதியும் சேர்ந்து ஏறும்.

ஐந்தாம் படி: நாட்டுக்கு நாடு அடிமட்டம் எங்கே இருக்கிறது

20 கிலோ பெட்டி எங்கே தூக்கினாலும் 20 கிலோதான். அதற்கு ஒரு இடத்தில் ஒன்றும் இன்னொரு இடத்தில் பத்தும் கிடைப்பதற்கு முதல் காரணம் அந்த நாட்டுச் சட்டம் போட்டிருக்கும் அடிமட்டம்.

கட்டாரில் 2021 மார்ச் முதல் எல்லா நாட்டுத் தொழிலாளிக்கும் பொதுவான ஒரு குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறது. அடிப்படை 1,000 ரியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 தனியாகக் கொடுக்கவேண்டும். ஒரு டொலர் 3.64 ரியால் என்று நிலையாக இருப்பதால் கணக்குச் சுலபம்: 1,000 ரியால் என்பது ஏறக்குறைய 275 டொலர், ஒரு மணிக்கு 1.32 டொலர். சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இப்படி ஒரு பொது அடிமட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். ஆகவே அங்கே ஒப்பந்தம் இன்னும் முக்கியம்.

மலேசியாவில் 2025 பெப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். தென் கொரியாவில் 2026 இல் ஒரு மணிக்கு 10,320 வொன். வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்தால், சம்பளத்தோடு கூடிய வார ஓய்வு நாளையும் சேர்த்து அவர்கள் மாதத்துக்கு 209 மணித்தியாலம் என்று கணக்குப் பார்ப்பார்கள். 21 இலட்சத்து 56 ஆயிரத்து 880 வொன் வரும். அந்த அடிமட்டம் வெளிநாட்டவருக்கும் அதுவேதான். கொரிய மொழிப் பரீட்சை எழுதி, நம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகவே போகும் வழி அது, தனியார் ஏஜென்ட் நடுவில் கிடையாது. பெரும்பாலும் தொழிற்சாலை வேலைதான் கிடைக்கும், களஞ்சியம் குறைவு. இருந்தாலும் ஒரு வருடம் உட்கார்ந்து மொழி படிக்கப் பொறுமை இருக்கும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

இங்கிலாந்தில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண், 2026 ஏப்ரலுக்கு 12.71. ஜேர்மனியில் 2026 ஜனவரி முதல் 13.90 யூரோ. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 ஒக்டோபர் முதல் 17.60 கனடா டொலர். அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் 24.95 அவுஸ்திரேலிய டொலர். அமெரிக்கா ஒரு விசித்திரமான இடம். மத்திய அரசாங்கத்தின் அடிமட்டம் 2009 இல் இருந்து 7.25 டொலரிலேயே நிற்கிறது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. களஞ்சியத்துக்கு ஆள் தட்டுப்பாடும் தொழிலாளர்களின் நெருக்குதலும் வந்தபோது அமேசான் 2018 இல் தன் தொழிலாளிக்கு ஆகக் குறைந்தது மணிக்கு 15 டொலர் என்று ஆக்கியது. யுபிஎஸ் என்ற பொதி விநியோகக் கம்பனியில் 2023 இல் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக நின்று பேசியபின், பகுதிநேர ஆட்களின் ஆரம்பச் சம்பளம் 21 டொலராக ஏறியது. ஒரே நாட்டில், ஒரே மாதிரியான வேலைக்கு, 7.25 உம் இருக்கிறது 21 உம் இருக்கிறது. நடுவில் நிற்பது மாநிலச் சட்டமும் சங்கமும்தான்.

இந்த எண்களை ரூபாவாக்கிப் பார்த்ததும் கண் விரியும். விரியட்டும், ஆனால் இரண்டு விஷயம் கூடவே வரவேண்டும். முதலாவது, அங்கே பிடிப்பது. ஜேர்மனியில் தனி ஆளின் சம்பளத்தில் வரியும் காப்புறுதியுமாக நாலில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும். இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகும் ருமேனியாவில் 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் 4,050 லேய். கைக்கு வருவது 2,600 க்கும் குறைவு. நோட்டீஸில் 4,050 ஐத்தான் போடுவார்கள். அதன் பிறகு அறை, சாப்பாடு, பஸ், குளிருக்குச் சட்டை. டோஹாவில் அறையும் பஸ்ஸும் முதலாளி செலவு, ஒரு பெரிய பகுதி மிஞ்சும். இங்கிலாந்தில் ஒரு மணிக்குப் பத்து மடங்கு கிடைத்தாலும் மிஞ்சுவது பத்து மடங்காக இருக்காது.

இரண்டாவது, அந்த வாசல் நமக்குத் திறக்குமா என்பது. இங்கிலாந்தில் சாதாரணக் களஞ்சியத் தொழிலாளி வேலைக்கென்று வெளிநாட்டில் இருந்து போகத் தொழில் வீசா இல்லை. அங்கே களஞ்சியங்களில் இருக்கும் நம் ஆட்கள் படிக்கப் போனவர்கள், குடும்பத்தோடு சேர்ந்தவர்கள், அகதியாகப் போனவர்கள். ஆகவே "லண்டன் களஞ்சிய வேலை, வீசா நிச்சயம்" என்று யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கனடாவில் முதலாளி அரசாங்க அனுமதி எடுத்து ஆள் கொண்டுவரும் வழி இருக்கிறது. ஆனால் ஒன்டாரியோவில் அப்படி வரும் தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம். காசு கேட்கிறார்கள் என்றாலே ஏதோ பிழை இருக்கிறது.

ஆறாம் படி: எண்ணிக்கையைக் கேளுங்கள்

தோட்டத்தில் கிலோ. களஞ்சியத்தில் "ரேட்". ஒரு மணிக்கு இத்தனை சாமான் எடுக்கவேண்டும், இத்தனை பெட்டி கட்டவேண்டும் என்று ஸ்கேனர் உங்களை எண்ணிக்கொண்டே இருக்கும். டோஹாவில் என் ஸ்கேனரின் மேல் மூலையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி இருந்தது. கொஞ்சம் நின்றால் மினுங்கத் தொடங்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும் மினுங்கும். முதல் வாரம் எனக்கு அது தராசு முள் மாதிரியே தெரிந்தது.

நேர்முகத்தில் இதைக் கேளுங்கள்: ஒரு மணிக்கு எத்தனை? வராவிட்டால் சம்பளம் குறையுமா? மலசலகூடத்துக்குப் போகும் நேரம் கணக்கில் சேருமா? கலிபோர்னியாவில் 2022 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய களஞ்சியங்கள் இந்த எண்ணிக்கையைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும், சாப்பாட்டு நேரத்தையோ மலசலகூடத்துக்குப் போவதையோ தடுக்கும் அளவுக்கு எண்ணிக்கை வைக்கக்கூடாது. மலையில் நாள் முழுக்க மறைவிடம் தேடி நின்ற நம் அம்மாமாருக்கு அப்படி ஒரு சட்டத்தின் அருமை தெரியும். மற்ற நாடுகளில் இப்படி எழுதிய சட்டம் அபூர்வம், அதனால் வாயால் கேட்டு வைப்பதுதான் வழி. குளிரூட்டிய களஞ்சியமா, வெளி முற்றமா என்பதையும் கேளுங்கள். கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியில் இருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது. லொறியில் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

ஏழாம் படி: போவதற்கு முன் கட்டும் காசு

நம் தாத்தாமாரை இந்தியாவில் இருந்து கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவை அவர்கள் பெயரிலேயே கடனாக எழுதினான். தோட்டம் மாறவேண்டும் என்றால் அந்தக் கடன் தொகை எழுதிய "துண்டு" வேண்டும். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளின் தலையிலேயே இருக்கும். 1921 இல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டை ஒழித்தார்கள். ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்குக் காசு வாங்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். நாலு இலட்சம் ரூபா, மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. ஒரு மாத வட்டி மட்டும் 20,000. டோஹாவில் சாப்பாடு போக மாதம் 900 ரியால் மிச்சம் பிடித்தால், ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால், ஏறக்குறைய 74,000 ரூபா. வீட்டுச் செலவுக்குப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியைக் கடனுக்குக் கட்டினால், கடன் முடிய 16 மாதம். ஒப்பந்தமே இரண்டு வருடம்தான். அந்த 16 மாதத்தில் சம்பளம் பிந்தினாலும், மேற்பார்வையாளர் ஏசினாலும், சுகமில்லாமல் போனாலும் வேலையை விட முடியாது. கட்டாரில் 2020 இல் இருந்து பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலேயே வேலை மாறச் சட்டம் இடம் கொடுக்கிறது. என்னோடு இருந்தவர்களில் கடன் இல்லாதவர்கள்தான் அதைப் பயன்படுத்தி நல்ல சம்பளத்துக்கு மாறினார்கள்.

ஆகவே இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது, கட்டும் காசை ஒப்பந்த மாதங்களால் வகுத்து மாதச் சம்பளத்தில் இருந்து கழியுங்கள். வட்டியையும் கழியுங்கள். அதன் பிறகு கிடைக்கும் எண்தான் உங்கள் சம்பளம். கொஞ்சம் குறைந்த சம்பளம், ஏஜென்ட் காசு இல்லை என்றால் அதையே எடுங்கள். நகையை அடகு வைப்பதா, வட்டிக்கு எடுப்பதா என்ற கட்டம் வந்தால், அடகுக்கடை வட்டியையும் வட்டிக்காரர் வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: கடதாசிகள்

ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். ஏஜென்சியின் பெயர் சரியாக இருந்தும் அந்த வேலைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், இரண்டையும் கேட்கவேண்டும். தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ஆள் பெரும்பாலும் ஏஜென்சியின் ஆளே இல்லை, நடுவில் நிற்கும் தரகர். அவர் கையில் காசும் கடவுச்சீட்டும் கொடுக்க வேண்டாம். காசு கொடுத்தால் ஏஜென்சியின் காரியாலயத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பணியகத்தில் பதியாமல், சுற்றுலா வீசாவில் "போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். பதிவு இருந்தால் காப்புறுதி இருக்கிறது, பிரச்சினை வந்தால் தூதரகம் உங்களைத் தேட ஓர் இலக்கம் இருக்கிறது. நல்ல வேலை என்று நம்பிப் போய் மியான்மாரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, 2024 இல் மீட்கப்பட்டு வந்த நம் நாட்டுப் பிள்ளைகளை மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியவை: வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், ஓ.டி. எப்படி, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு, போகவர டிக்கெட் யார் செலவு. ஆங்கிலம் புரியாவிட்டால் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

எனக்கு டோஹா விமான நிலையத்தில் இருந்து தங்குமிடத்துக்குப் போன இரவே இன்னொரு கடதாசி நீட்டினார்கள். நான் இங்கே கையெழுத்து வைத்ததில் அடிப்படை 1,400. அந்தப் புதுக் கடதாசியில் அடிப்படை 1,000, மிச்சம் படி. என் பிரதி பையோடு எங்கேயோ மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு அடித்தேன். அம்மா தன் சம்பளச் சீட்டுகளை வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் இருந்து என் முதல் ஒப்பந்தத்தின் பிரதியை எடுத்து, பக்கத்து லயத்துப் பிள்ளையின் போனில் படம் பிடித்து அனுப்பினார். அதைக் காட்டியதும் அவர்கள் இரண்டு நாள் இழுத்தார்கள், மூன்றாம் நாள் 1,400 க்கே எழுதினார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள், ஒப்பந்தம், கடவுச்சீட்டு, வீசா, பணியகப் பதிவு, ஏஜென்சி ரசீது எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் போனில் படமாக வையுங்கள். மற்றதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். எந்தத் தொகை அடிப்படை என்ற இடத்தில் பேனையால் ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள்.